நாலாம் நாள் பிழிந்த ஒயின்

என் மைத்துனன் கஸ்ஸியான் ஆகஸ்ட் கடைசியில் ஒரு பிற்பகல் எங்கள் பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது, அவன் ஐந்து மாதமாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. கால்ட்டர்ன் ஏரியிலிருந்து ஓரா காற்று மேலே ஏறி வரும் நேரம். தெற்கிலிருந்து மதியம் தாண்டித் தினமும் வரும் காற்று அது. வந்தால் பந்தலில் உள்ள திராட்சை இலைகள் எல்லாம் ஒரே பக்கம் புரண்டு வெளிறிய அடிப்புறத்தைக் காட்டும். காரை முற்றத்தில் நிறுத்திவிட்டு அவன் இறங்காமல் அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜினை அணைக்கவும் மறந்துவிட்டான். நான்தான் போய்ச் சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

"வந்துட்டேனா மச்சான்?" என்று கேட்டான்.

"பாதி வந்திருக்க. மீதி இன்னும் இன்ஸ்ப்ரூக்ல இருக்கு. இறங்கு."

மலைக்கு அந்தப் பக்கம், இன்ஸ்ப்ரூக் நகரத்து மருத்துவமனையில் அவன் மயக்க மருந்து டாக்டர். அறுவைக்குப் போகிறவர்களைத் தூங்கவைத்து, முடிந்ததும் எழுப்பிவிடுவது இருபது வருடமாக அவன் வேலை. மார்ச் மாதத்திலிருந்து அவனுக்கே தூக்கம் போய்விட்டது. ஏன் என்று கேட்டவர்களிடம் "வயசாகுது" என்று சொல்லி வைத்திருந்தான். நாற்பத்தாறு வயது. மூன்று மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான்.

அக்கா என்றால் என் மனைவி புர்கி. முழுப்பெயர் நோட்புர்கா, அப்படிக் கூப்பிடுகிறவர் பாதிரியார் மட்டும்தான். லானர் பண்ணை அவளுடையது. நான் ஹார்ட்மான், உல்ட்டன் பள்ளத்தாக்குக்காரன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான்கு பசுக்களோடு இங்கே மாப்பிள்ளையாக வந்தேன். புர்கி அப்போதுதான் ரசாயன உரத்தையும் மருந்தையும் நிறுத்தியிருந்தாள். அவளுக்குச் சாணம் வேண்டியிருந்தது, கொம்பு வெட்டாத மாடுகளின் சாணம். மாட்டுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் இதுவரை அதை மறுத்ததில்லை.

அவளுடைய விவசாயம் வானத்தைப் பார்த்து நடப்பது. பசுக்கொம்புக்குள் சாணத்தை அடைத்து மண்ணில் புதைப்பாள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்ததை வசந்தத்தில் தோண்டி எடுத்து, தண்ணீரில் கரைத்துத் தோட்டம் முழுக்கத் தெளிப்பாள். கோடையில் படிகக்கல் பொடி. அடுப்படிச் சுவரில் நிலாவின் ஓட்டத்தை வைத்துக் கணித்த பஞ்சாங்கம் தொங்கும்: இன்று வேர் நாள், நாளை பூ நாள், பிறகு இலை நாள், பழ நாள். ஒயின் வேலை எதையும் இலை நாளில் தொடமாட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்பார்கள். என் மாடுகள் நன்றாக இருக்கின்றன, மண் பொலபொலவென்று இருக்கிறது. அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

அந்த வருடம் புர்கி ஒரு வைராக்கியத்தில் இருந்தாள். எங்கள் திராட்சை ஃபெர்னாச் வகை. குலை பெரிது, தோல் மெலிது. அதில் வரும் சிவப்பு ஒயின் வெளிறித்தான் இருக்கும். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். மெரானில் பெரிய ஒயின் கடை வைத்திருக்கும் பிளாங்கர் என்பவர் போன வருடம் எங்கள் மேசையில் உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. சாயம் தட்டின தண்ணி மாதிரி நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். புர்கியும் கூடச் சிரித்தாள். அவர் போன பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, சொன்னது நான்தான் என்பதுபோல.

ஆகவே இந்த முறை வீட்டுக்கு மேலே உள்ள பழைய பந்தலின் பழத்தை மட்டும் தனியாகப் பறித்து, ஒரு மரத்தொட்டியில் தோலோடு மூன்று வாரம் ஊறவைப்பது என்று முடிவு செய்தாள். சாதாரணமாக ஒரு வாரம்தான் ஊறும். மூன்று வாரம் ஊறினால் அந்த மெலிந்த தோலிலிருந்து எவ்வளவு நிறம், எவ்வளவு துவர்ப்பு இறங்குமோ அவ்வளவும் இறங்கிவிடும். "கறுப்பா எடுத்து அந்தாளு முன்னாடி வைக்கிறேன் பாரு" என்றாள்.

தம்பிக்கு அவள் கொடுத்த முதல் வேலை கலக்குவது. சூரியன் மலை முகட்டைத் தாண்டுவதற்கு முன் அண்டா நிறைய மழைத்தண்ணீரில் ஒரு சிட்டிகைப் படிகப்பொடியைப் போட்டு, நீளமான கழியால் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் தண்ணீரின் நடுவில் குழி விழும்; குழி அடிவரை இறங்கியதும் சட்டென்று எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். குழி உடைந்து நுரைத்து, மறுபடி வேறு பக்கமாகச் சுழலத் தொடங்கும்.

"இதுல என்ன மருந்து இருக்கு புர்கி? கணக்குப் பார்த்தா ஒன்னுமே இல்ல" என்றான் கஸ்ஸியான்.

"நீ கலக்கு. உன்கிட்ட கணக்குக் கேட்டாங்களா?"

அவன் கலக்கினான். பாலுக்காக வீட்டில் விட்டிருந்த ஒரு பசுவைக் கறந்துவிட்டு வரும்போது பார்ப்பேன். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை அந்தக் குழிக்குள் போய்விட்டிருக்கும். பின்னால் நின்று கூப்பிட்டால் கேட்காது. ஒரு நாள் என்னிடம் சொன்னான்: "மச்சான், இதுல ஒரு நிமிஷம் வருது. தூங்கப் போற நிமிஷம் மாதிரி. அப்பதான் கையை மாத்திச் சுத்த வேண்டியிருக்கு, போயிடுது."

செப்டம்பர் இருபதாம் தேதி பழைய பந்தலைப் பறித்தோம். பந்தலுக்குக் கீழே நின்று தலைக்கு மேல் கையை நீட்டிப் பறிக்க வேண்டும். பச்சை வெளிச்சம் முகத்தில் விழும். கை மணிக்கட்டு வரை சாறு வழிந்து சட்டைக்குள் இறங்கும். குளவிகள் பழம் தின்ற மயக்கத்தில் கொட்ட மறந்து தோளில் உட்கார்ந்திருக்கும். கஸ்ஸியான் அன்று நிறையச் சிரித்தான். மாலையில் பழம் தொட்டிக்குப் போனது. காலையும் மாலையும் மிதந்து வரும் தோலை மரக்கழியால் உள்ளே அமுக்கிவிடுவது அவன் பொறுப்பு. மூன்றாம் நாள் தொட்டி பேச ஆரம்பித்தது. அரிசி கொதிப்பது போன்ற ஒரு சின்ன ஓயாத சத்தம். முற்றத்தைத் தாண்டி அடுப்படிவரை கேட்டது.

நாலாம் நாள் என் மாடுகள் மலையிலிருந்து இறங்குகிற நாள். கோடை முழுக்க உல்ட்டன் மேட்டுப் புல்வெளியில் மேய்ந்தவை. தலைக்குப் பூமுடியும் கழுத்துக்குப் பெரிய மணியும் கட்டி அழைத்து வருவோம். அன்று புர்கியும் என்னோடு வந்தாள். புறப்படும்போது தம்பியிடம், "தொட்டியை மட்டும் பார்த்துக்க. வேற எதுலயும் கைவைக்காத" என்றாள்.

"சரி சரி, போய்ட்டு வா."

பிறகு நடந்தது அவன் சொல்லி எனக்குத் தெரிந்தது. மதியம் பார்லிக் கஞ்சியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் சாப்பிட்டிருக்கிறான். போன வருடத்து ஒயினில் ஒரு கோப்பை. வெயிலாக இருந்ததால் பறித்து முடித்த பந்தலுக்குக் கீழே போய்ப் புல்லில் படுத்திருக்கிறான். ஓரா வந்தது. இலைகள் புரண்டன. அவ்வளவுதான் தெரியும், தூங்கிவிட்டான். மார்ச்சுக்குப் பிறகு முதல் தூக்கம், இரண்டு மணி நேரம்.

அந்தத் தூக்கத்தில் புர்கி வந்தாள். நீல ஏப்ரன் கட்டியிருந்தாள், கையில் வாளி. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "போதும்டா. எடுத்துடு" என்றாள். கோபமாக இல்லை, சாப்பாடு ஆயிற்று என்று சொல்வதைப்போலச் சொன்னாளாம். எழுந்து உட்கார்ந்தபோது அவன் உடம்பு காற்றுப்போல இருந்தது. தலைக்குள் இருந்த இரும்புத்துண்டை யாரோ எடுத்துவிட்டார்கள். அக்கா எடுக்கச் சொன்னாள் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அவள் மலைக்குப் போயிருக்கிறாள் என்பது நினைவுக்கே வரவில்லை.

நாங்கள் திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஊர் எல்லைவரை லாரியில் கொண்டுவந்து, அங்கிருந்து மாடுகளை நடத்தி வந்தோம். எட்டு மாடுகள், முன்னால் மூத்தவள் கிரைட்டா, தலையில் பைன் கிளையும் காகிதப் பூவும். மணிச்சத்தம் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பியது. எங்கள் முற்றத்துக்குள் நுழைந்ததும் கிரைட்டா நின்று மூக்கை உயர்த்தினாள். முற்றமெல்லாம் திராட்சைத்தோல் வாசனை. எருக்குழியின்மேல் புதிதாக ஒரு சிவப்புக் குவியல், அதன்மேல் எங்கள் கோழிகள் எல்லாம். பிழிபொறிக்குக் கீழே கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. கஸ்ஸியான் சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"புர்கி! நான் தூங்கிட்டேன்! ரெண்டு மணி நேரம்!"

புர்கி குவியலைப் பார்த்தாள். பிழிபொறியைப் பார்த்தாள்.

"என்னடா செஞ்ச?"

"நீ சொன்னதுதான். எல்லாத்தையும் எடுத்துட்டேன். சாறு அந்தச் சின்னப் பீப்பாய்ல இருக்கு."

"நான் எப்படா சொன்னேன்?"

"மத்தியானம். பந்தலுக்குக் கீழ வந்து…" அவன் நிறுத்தினான். மாடுகளின் பூமுடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கையிலிருந்த தூரிகை கீழே விழுந்தது.

"நாலு நாள்" என்றாள் புர்கி. "மூணு வாரம்னேன். நாலு நாள். அதுவும் இலை நாள்ல!" அவள் குரல் அந்த 'இலை நாள்' என்ற சொல்லில்தான் உடைந்தது. போய்ப் பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினாள். கலங்கலான இளஞ்சிவப்பு. விரல் என்ன, அவள் முகமே அதன் வழியாகத் தெரிந்தது. திரும்பத் தோலோடு சேர்க்கவும் வழியில்லை. பாதியைக் கோழி தின்றிருந்தது, மீதி எருவோடு கலந்திருந்தது. கோப்பையைத் தரையில் கொட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் மாடுகளின் பூமுடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து பதினொரு நாள் அவள் தம்பியோடு பேசவில்லை. ஒரே மேசையில் மூன்று பேரும் சாப்பிட்டோம். நடுவில் நான் தபால்காரன்.

"உன் மச்சான்கிட்ட அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"கஸ்ஸியான், உப்பு."

"மச்சான், நான் நாளைக்குக் கிளம்புறேன்னு அவகிட்ட சொல்லுங்க."

"அவன் கிளம்புறானாம்."

"கெடுத்தவன் பாதியில ஓடக்கூடாதுன்னு சொல்லு. அந்தப் பீப்பாய் நுரைச்சு அடங்குறவரைக்கும் அவனே காவல் இருக்கட்டும்."

"கேட்டுச்சு" என்றான் அவன், என்னிடம்.

அவன் இருந்தான். மதியமானால் பந்தலுக்குக் கீழே போய்ப் படுப்பான். தூக்கம் வந்து கண்ணை மூடும், உடனே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வான். "இப்ப நான் முழிச்சிருக்கேனா மச்சான்?" என்று இரண்டு தடவை கேட்டான். முழித்துத்தான் இருக்கிறாய் என்று சொன்னேன். நம்பினானா தெரியாது.

எங்கள் ஒயின் அறை வீட்டுக்கு அடியில், பதினான்கு படி கீழே. அக்டோபர் முதல் வாரத்தில் மற்ற பந்தல்களின் பழமும் அங்கே பெரிய தொட்டிகளில் நுரைத்துக்கொண்டிருந்தது. நுரைக்கும் ஒயின் ஒரு கனமான காற்றை விடும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர்போலத் தரையிலிருந்து ஏறி நிற்கும், அதில் மூழ்கினவருக்கு மூச்சு நின்றுவிடும். அதனால் இறங்குபவர் மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு போவார். சுடர் அணைந்தால் திரும்பி ஓடிவர வேண்டும். இந்த ஊரில் குழந்தைக்கும் அது தெரியும்.

ஐந்தாம் தேதி காலை, ரப்பர் குழாயை எடுக்கப் போன புர்கி படி முகப்பில் நின்று பார்த்தாள். கீழே தரையில், சின்னப் பீப்பாயில் காதை வைத்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மெழுகுவர்த்தி இருந்தது, சுடர் இல்லை. அவள் போட்ட சத்தம் தொழுவத்தில் இருந்த எனக்குக் கேட்டது. நான் ஓடி வந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அக்குளில் கையைக் கொடுத்து அவனைப் பாதிப் படிவரை இழுத்துவிட்டிருந்தாள். மீதியை இருவருமாக இழுத்தோம். முற்றத்துக் கல்லில் கிடத்தியதும் புர்கி அவன் கன்னத்தில் அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அறைக்கு இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான். அவன் கண் திறந்த பிறகும் ஒன்று விழுந்தது.

"பைத்தியமாடா நீ? மெழுகுவத்தி அணைஞ்சது கண்ணுக்குத் தெரியலையா? நம்மப்பன் உனக்கு என்னத்தடா சொல்லிக் குடுத்தான்?"

"சத்தம் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றான் மெதுவாக. "உள்ள மழை பெய்யுது புர்கி. யாரோ தகரக்கூரைக்குக் கீழ தூங்குற மாதிரி. கேட்டுக்கிட்டே…"

"தெரிஞ்சேதான் உட்கார்ந்தியா?"

"தெரியல" என்றான். "சத்தியமா எனக்குத் தெரியல."

புர்கி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் போய் ஒரு கம்பளியும் சூடான பாலும் கொண்டுவந்தேன். ஏரியின்மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. மலைச்சரிவில் நாங்கள் மட்டும் மிதந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. பாலைக் குடித்துவிட்டு, அந்தப் பனியைப் பார்த்தபடியே அவன் சொல்ல ஆரம்பித்தான்.

மார்ச்சில் ஒரு அம்மாள். ரோசினா எகார்ட்டர், பள்ளிக்கூடச் சமையற்காரி, அறுபத்து மூன்று வயது. இடுப்பெலும்பு மாற்றும் அறுவை. எப்போதும் எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னான்: நான் பக்கத்திலேயே இருப்பேன், நீங்கள் தூங்குங்கள். உடம்பை அசையாமல் செய்யும் மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. தூங்கவைக்கும் மருந்தின் குழாய் எங்கோ நழுவியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. பதினொரு நிமிடம் அவள் விழித்திருந்தாள். விரலை அசைக்க முடியவில்லை, இமையைத் திறக்க முடியவில்லை.

"நானும் சர்ஜனும் லீவுக்குப் பனிச்சறுக்கு போறதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். எந்தச் சரிவு நல்லா இருக்கும், எந்தக் குடிசையில சூப் நல்லா இருக்கும்னு. ரெண்டு நாள் கழிச்சு அவங்க என்னைக் கூப்பிட்டாங்க. கத்தல. புகார் எதுவும் குடுக்கல. 'நீங்க சூப்பப் பத்திப் பேசினீங்க'ன்னாங்க. அவ்வளவுதான். நான் மன்னிப்புக்கூடக் கேக்கல புர்கி. வெளிய வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி படுத்தா, தூங்கிட்டா யார் என்ன பேசுவாங்களோன்னு இருக்கு."

புர்கி அவன் காலிலிருந்து நனைந்த காலுறைகளை உருவி, பிழிந்து, சுவரில் போட்டாள். "அந்தப் பீப்பாய்க்கு இனிமே ரெண்டு பேராத்தான் இறங்கணும்" என்றாள். அதற்கப்புறம் அப்படித்தான் இறங்கினார்கள். அவள் முன்னால் மெழுகுவர்த்தியோடு, அவன் பின்னால்.

மார்ட்டின் திருநாளுக்குச் செஸ்நட் கொட்டைகளைச் சுட்டு, புது ஒயினைத் திறப்பது வழக்கம். நவம்பர் பதினொன்று. மற்றத் தொட்டிகளையெல்லாம் சுவைத்த பிறகு கடைசியில் அந்தச் சின்னப் பீப்பாய். நான்தான் குழாயை விட்டு எடுத்தேன். கலங்கல் அடியில் தங்கித் தெளிந்திருந்தது. மாதுளை முத்துகளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கிற நிறம். வாயில் வைத்தால் கனமே இல்லை. காட்டு ஸ்ட்ராபெர்ரி, அப்புறம் ஏதோ ஒரு பூ, கடைசியில் வாதுமையின் மெல்லிய கசப்பு. விழுங்கிய பிறகுதான் குடித்தோம் என்று தெரிந்தது.

கஸ்ஸியான் அக்காவின் முகத்தையே பார்த்தான்.

"ஒன்னும் கெட்டுப்போகல" என்றாள் புர்கி. கொட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஆனா நான் கேட்டது இது இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அடுத்த வாரம் அவன் இன்ஸ்ப்ரூக் போனான். அப்போது அவன் இரவில் மூன்று மணி நேரமாவது தூங்கத் தொடங்கியிருந்தான், சமையலறை பெஞ்சில், எங்கள் பேச்சுச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை. நாங்களும் அவனுக்காக எதையாவது பேசிக்கொண்டிருப்போம். மாட்டைப் பற்றி, பக்கத்துப் பண்ணைக்காரனின் புது டிராக்டரைப் பற்றி. பேச ஒன்றுமில்லாதபோது புர்கி பஞ்சாங்கத்தை எடுத்து உரக்க வாசிப்பாள்.

வசந்தம் வந்து, கொம்புகளைத் தோண்டி எடுத்து, மொட்டு வெடித்து, மே மாதம் பிளாங்கர் வந்தார். புர்கியின் சபதம் அவர் காதுக்கும் போயிருந்தது; கறுப்பு ஒயின் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் காரிலிருந்து இறங்கினார். புர்கி அவரைப் பந்தலுக்குக் கீழே உட்காரவைத்து, ஏரித்தண்ணீர் குளிர்ச்சியில் அந்த வெளிறிய ஒயினை ஊற்றினாள்.

"என்னம்மா இது?"

"இருக்கிறது இதுதான்."

அவர் முகர்ந்தார். குடித்தார். உதட்டைப் பிதுக்கினார். "நான் கேட்டது இது இல்லையே" என்று சொல்லிவிட்டு, தன் மகள் கல்யாண விஷயத்தைப் பேச ஆரம்பித்தார். மாப்பிள்ளை சிசிலிக்காரன், மீனைத் தவிர ஒன்றும் சாப்பிடமாட்டான். பேசிக்கொண்டே தானே ஊற்றிக்கொண்டார். மறுபடி ஊற்றிக்கொண்டார். வெயில் பந்தலின் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குப் போனது. அவர் குரல் இறங்கி, பேச்சு மெதுவாகி, தன் அப்பா ஏரியில் படகு ஓட்டக் கற்றுத் தந்ததை யாரோ ஒருவருடைய கதையைப்போலச் சொன்னார். எழுந்தபோது புட்டி காலி.

"இதைக் கடையில வைக்க முடியாதும்மா" என்றார். "ஜனங்க கேக்க மாட்டாங்க."

"சரி."

"கறுப்பு எப்ப வரும்?"

"இந்த வருஷம் போட்டுப் பார்க்கிறேன்."

அவர் கார் திரும்பியதும் புர்கி காலிப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் அப்படிச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது.

கஸ்ஸியான் ஜூன் கடைசியில் புல் அறுப்புக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில், யாரும் கேட்காமலே, ரோசினா அம்மாளைப் போய்ப் பார்த்ததைச் சொன்னான். ஜனவரியில் மூன்று தடவை அவள் தெருவரை போய்த் திரும்பியிருக்கிறான். நாலாவது தடவை அவளே சன்னலிலிருந்து கூப்பிட்டுவிட்டாள்.

"உள்ள வாங்க டாக்டர், குளிருதுன்னாங்க. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். குழாய் நழுவினது, நான் பார்க்காதது, மன்னிப்பு கேக்காம ஓடினது. அவங்க அடுப்புல எதையோ கிண்டிக்கிட்டே கேட்டாங்க. முடிஞ்சதும் திரும்பிப் பார்த்து, 'அந்த லீவுக்குப் போனீங்களா? சூப் நல்லா இருந்துச்சா?'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"போகலன்னேன். அவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு மச்சான். 'நான் அங்க அப்படிக் கிடந்து கேட்டேன், நீங்க போகவே இல்லையா'ன்னு. உட்காரவெச்சு சூப் ஊத்திக் குடுத்தாங்க. உப்பு அதிகம்."

புர்கி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் மருத்துவமனை வேலைக்குத் திரும்பிவிட்டான். இப்போது அறுவைக்கு முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் போய் அரை மணி உட்கார்ந்து பேசுகிறானாம். அதனால் முன்புபோல அத்தனை பேரைப் பார்க்க முடிவதில்லை என்று மேலே உள்ளவர்களுக்குக் குறை. தூக்கம் முழுக்கத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில வாரம் வருகிறது, சில வாரம் இல்லை. இல்லாதபோது தொலைபேசியில் கூப்பிட்டு, ஏதாவது பேசச் சொல்கிறான். நான் மாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

புர்கி சொன்னபடி அந்த வருடமே கறுப்பு ஒயினும் போட்டாள். மூன்று வாரம் முழுசாக ஊறியது. கறுப்பு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் விரல் தெரியவில்லை. பிளாங்கர் வாங்கிக்கொண்டார். நல்ல ஒயின்தான். வீட்டில் அதை யாரும் திறப்பதில்லை. அதோடு அதே பழைய பந்தலிலிருந்து ஒரு சின்னப் பீப்பாய் மட்டும் நாலாம் நாள் பிழிந்தாள். பஞ்சாங்கத்தில் அன்று என்ன நாள் என்று நான் பார்க்கப் போனபோது, அவள் என்னைச் சமையலறைக்குள் விடவில்லை.

அந்த ஜூன் புல் அறுப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. மேட்டு வயலில் ஏழெட்டுப் பேர். வெயில் உச்சியில். நாலாம் நாள் ஒயின் நிறைந்த மண் ஜாடியை ஈரத்துணியில் சுற்றி, வாதுமை மரத்தடி ஓடையில் வைத்திருந்தோம். பக்கத்துப் பண்ணை உர்பான் அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, ஜாடியைத் தூக்கி, தொண்டை ஏறி இறங்கக் குடித்துவிட்டு நின்றான். புறங்கையால் வாயைத் துடைத்தான். மறுபடி குடித்தான்.

"இது என்ன புர்கி? உன்னோடதா?"

கஸ்ஸியான் கொஞ்சம் தள்ளி அறுத்த புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். முதுகில் வியர்வை, தலையில் என் பழைய தொப்பி.

"என்னோடது இல்ல" என்றாள் புர்கி. "அவன் செஞ்சது. குடிச்சது போதும், மத்தவங்களுக்கும் வை."